இரவில் கடற்கரை நடந்து ஆமைகளைக் கணக்கெடுக்கும் தன்னார்வலராகச் சேர விரும்புகிறேன்: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்

திருவான்மியூர்வாசி | டிசம்பர் 6, இரவு 10.12

அனைவருக்கும் வணக்கம். பதினான்கு ஆண்டுகளாகத் திருவான்மியூரில் குடியிருந்தும், காற்று வாங்கவும் சுண்டல் வாங்கவும் தவிர வேறெதற்கும் நான் கடற்கரைக்குச் சென்றதில்லை. 2025 ஜனவரியில் ஒரு நாள் காலை நடைப்பயிற்சியைச் சற்று நீட்டியபோது, கொட்டிவாக்கத்துக்கும் நீலாங்கரைக்கும் இடையில் மட்டும் ஐந்து ஆமைகள் செத்து ஒதுங்கிக் கிடக்கக் கண்டேன். கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்த அவற்றில் ஒன்றின் ஓட்டில் யாரோ சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். குறும்புக்காரச் சிறுவர்களின் வேலை என்று அப்போது நினைத்தேன். சென்னையையும் அதன் அண்டை மாவட்டங்களையும் ஒட்டிய கரைகளில் அந்தப் பருவத்தில் ஒதுங்கிய பங்குனி ஆமைகள் ஆயிரத்துக்கும் மேல் என்று பின்னர் நாளேடுகளில் படித்தபோதுதான், அந்த ஆயிரத்தை யாரோ ஒருவர் ஒவ்வொன்றாக நடந்து எண்ணியிருக்கிறார் என்பதும், அந்தச் சிவப்புக் கோடு எதற்காக என்பதும் புரிந்தன.

வரும் பருவத்தில் நானும் நடக்க விரும்புகிறேன். உயிரியல் படித்தவனல்லன்; கணினித் துறையில் வேலை. வயது நாற்பத்திரண்டு; இடது முழங்கால் அவ்வப்போது முரண்டு பிடிக்கும். என்னைப் போன்றவர்களால் உண்மையில் பயனுண்டா, அல்லது இடைஞ்சல்தானா? ஒன்பது வயது மகள் தானும் வருவேன் என்கிறாள், அழைத்துச் செல்லலாமா? ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள்.

ஈரமணல் | டிசம்பர் 7, காலை 6.40

வணக்கம் நண்பரே. பதினோரு பருவங்களாக நடக்கிறேன். என் தொழில் அச்சகம். உயிரியல் எனக்கும் தெரியாது. எனவே அந்தக் கவலையை இப்போதே விட்டுவிடலாம்.

முதலில் ஒரு சிறு வரலாறு. சென்னையில் ஆமைக்காக இரவில் நடக்கும் வழக்கம் 1970-களின் தொடக்கத்தில், பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் கிழக்குக் கடற்கரையில் நடந்ததிலிருந்து வருகிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவரான சதீஷ் பாஸ்கர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த படிப்பை விட்டுவிட்டு, ஆமைத் தடங்களைத் தேடி இந்தியக் கடற்கரையில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் கால்நடையாகவே நடந்தவர். 1982-இல் லட்சத்தீவின் ஆளில்லாத சுகேலி தீவில் மழைக்காலம் முழுவதும் தனியாகத் தங்கி ஆமைகளைக் கணக்கெடுத்தபோது, மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் எறிந்தார். அது இலங்கை மீனவர் ஒருவர் கையில் கிடைத்து, அவர் அதை அஞ்சலில் சேர்த்தார். 1988-இல் கல்லூரி மாணவர்கள் ஸ்டூடன்ட்ஸ் ஸீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க் என்ற பெயரில் இந்த நடையைக் கையிலெடுத்தார்கள், இன்றும் நடக்கிறார்கள். நீலாங்கரைப் பக்கம் 2002 முதல் ட்ரீ ஃபவுண்டேஷன் மீனவ இளைஞர்களைக் கொண்டு இதே பணியைச் செய்கிறது. ஆகவே நீங்கள் புதிதாக எதையும் தொடங்க வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வரிசையில் போய் நின்றுகொள்ள வேண்டியதுதான்.

நடை எப்படியிருக்கும் என்று கேட்டால்: நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். பதினொன்று, பதினொன்றரைக்குக் கிளம்பினால் சேரும்போது விடியற்காலை மூன்று, நான்கு ஆகிவிடும். அலை நனைத்துச் சென்ற ஈரமணலின் மேல் விளிம்பில்தான் நடப்போம்; தரை இறுகியிருப்பதோடு, கடலிலிருந்து ஏறும் எந்தத் தடமும் அந்த விளிம்பைக் கடந்தே ஆக வேண்டும். டார்ச் அடிப்பதில்லை. பத்து நிமிடம் இருட்டுக்குக் கண்ணைப் பழக்கினால், நகர வெளிச்சத்திலேயே தடம் தெரியும்.

தடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் நடையின் இன்பமே அதில்தான் இருக்கிறது. பங்குனி ஆமை துடுப்புகளை மாற்றி மாற்றிப் போட்டு நகர்வதால், முக்கால் மீட்டர் அகலத்தில், சிறிய டிராக்டர் ஒன்று ஏறிப் போனாற்போல இருபுறமும் முன்பின்னாக வெட்டுகள் விழுந்திருக்கும். அப்படி இரண்டு தடங்கள் தெரிந்தால், ஒன்று ஏறியது, மற்றொன்று இறங்கியது. எது ஏறியது என்று உடனே கண்டுகொள்ள ஒரு வழி உண்டு: கடல் வற்றிக்கொண்டிருக்கும் நேரமாயின், ஆமை திரும்பும்போது நீர் இன்னும் கீழே போயிருக்கும், ஆகையால் இறங்கிய தடம் நீண்டும் ஏறிய தடம் குட்டையாகவும் இருக்கும். இரண்டும் சேரும் மேட்டில் மணல் கலைந்து, அடிமணல் மேலே வந்து நிறம் மாறிக் கிடக்கும். முட்டையிட்டு மூடிய பின் ஆமை தன் உடம்பையே திம்மென்று இடவலமாக மோதி மண்ணைக் கெட்டிப்படுத்தும். அந்தச் சத்தத்தை நான் இரண்டே முறை கேட்டிருக்கிறேன், அடுத்த வீட்டில் யாரோ அம்மியைப் புரட்டுவதுபோல இருக்கும்.

பயிற்சி பெற்றவர் ஒருவர் மெல்லிய கோலைச் செருகிப் பார்ப்பார். இறுகிய மணலில் நின்றுகொண்டே வரும் கோல், ஓரிடத்தில் வெண்ணெயில் இறங்குவதுபோல வழுக்கிப் போகும். அங்கே கையால் தோண்ட வேண்டும். குடத்தைப் போன்ற குழி. கழுத்து ஒடுங்கி, அடியில் அகன்றிருக்கும். முழங்கை மறைந்து, சில வேளைகளில் கன்னம் மணலில் படியும் வரை குனிந்தால்தான் கடைசி முட்டை எட்டும். நூறு, நூற்றிருபது முட்டைகள் இருக்கும். ஓடு கோழிமுட்டையைப் போல் அல்லாமல், தொட்டால் குழிந்து மீளும். அவற்றைத் துணிப்பையில் எண்ணிப் போட்டு, குழியின் ஆழத்தை அளந்து, முட்டைகளைக் காவலில் வைத்துப் பொரிக்கவிடும் பொரிப்பகத்தில் அதே அளவில் ஒரு குழி வெட்டிப் புதைப்பார்கள். இட்ட சில மணி நேரத்துக்குள் இதை முடித்தாக வேண்டும். பிறகு கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும்.

இதை எழுதியதால் நீங்களே தோண்டிப் பார்க்கலாம் என்று பொருளன்று. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள உயிரினம் இது. வனத்துறை அனுமதியுள்ள குழுவோடு அல்லாமல் முட்டையையோ ஆமையையோ தொடுவது குற்றம்.

முழங்கால் பற்றி: முதல் நடையில் பாதி வழியில் திரும்பிவிடுங்கள். மணலில் ஏழு கிலோமீட்டர் என்பது தார்ச்சாலையில் பன்னிரண்டுக்குச் சமம்.

ஓய்வூதியன் | டிசம்பர் 7, முற்பகல் 11.05

உற்சாகத்தைக் குலைப்பதற்காக எழுதவில்லை. ஆயினும் ஒருவராவது கேட்க வேண்டும் என்பதால் கேட்கிறேன். அரை நூற்றாண்டாக நடக்கிறார்கள், எண்ணுகிறார்கள். எண்ணியதன் பலன் என்ன? ஆமைகள் சிக்கிச் சாவது கடலடியில் இழுத்துச் செல்லும் இழுவைமடி வலைகளில்; கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் அந்த இழுவைமடி விசைப்படகுகள் தொழில் செய்யக் கூடாது என்ற விதி இருக்கிறது. ஆமை வெளியேறிச் செல்வதற்கு வலையில் பொருத்தும் கருவியைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கேற்பவே வடிவமைத்தும் கொடுத்துவிட்டது. அந்தக் கருவி இல்லாத வலைகளைக் காரணம் காட்டி 2019 முதல் இந்தியக் கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. அதாவது காரணமும் தெரியும், மருந்தும் தெரியும், நட்டமும் தெரியும். பிணத்தை எண்ணுகிறவருக்குத் தூக்கம் கெடுவதைத் தவிர இதில் புதிதாக என்ன தெரியப் போகிறது? அந்த நேரத்துக்கு நான்கு மனு எழுதலாம்.

கணக்கப்பிள்ளை | டிசம்பர் 7, இரவு 8.50

ஓய்வூதியன் ஐயாவின் கேள்வி நியாயமானது. எனினும் மனுவில் எழுத ஓர் எண் வேண்டும் அல்லவா? 2025-இல் அரசும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் உடனே அசைந்ததற்குக் காரணம் செத்த ஆமையின் நிழற்படம் மட்டுமல்ல. "வழக்கமாக இந்தக் கரையில் இத்தனை ஒதுங்கும், இந்த முறை இத்தனை" என்று ஒப்பிட்டுச் சொல்ல முடிந்ததுதான் வழக்கின் முதுகெலும்பு. அந்த "வழக்கமாக" என்ற ஒரு சொல்லுக்காகத்தான், ஒன்றுமே நடக்காத ஆண்டுகளிலும் ஆட்கள் நடந்திருக்கிறார்கள்.

இதையொட்டித் திருவான்மியூர் நண்பருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: நீங்கள் எழுதப் போகும் குறிப்புகளிலேயே மிக மதிப்புள்ளது "ஒன்றுமில்லை" என்ற குறிப்பு. புதியவர்கள் தொண்ணூறு விழுக்காடு இதில்தான் தவறுகிறார்கள். ஆமை கண்ட இரவை அரைப் பக்கம் எழுதுவார்கள். காணாத இரவை எழுதாமலே விட்டுவிடுவார்கள். பருவ முடிவில் அந்தத் தாளைப் பார்க்கிறவருக்கு, பிப்ரவரி 11 அன்று ஆமை வரவில்லையா, அல்லது ஆள் வரவில்லையா என்பது தெரியாது. வெற்றிடத்துக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வேறுபாடு அது. எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எங்கே முடித்தீர்கள், எத்தனை பேர் நடந்தீர்கள், நிலவு எப்படி, காற்று எந்தப் பக்கம், கடல் ஏற்றமா வற்றமா, எந்த விளக்குகள் எரிந்தன, நாய்கள் எத்தனை: இவையெல்லாம் ஆமை இல்லாத இரவிலும் இருக்கின்றன, எழுதப்பட வேண்டும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மூன்றாம் பருவத்தில் நான் சேர்ந்திருந்த ஒரு சிறு குழுவில், செத்த ஆமைகளைக் குறிக்கச் சுண்ணாம்புப் பொடி தூவிக்கொண்டிருந்தோம். சாயம் வாங்கக் காசில்லை என்பது காரணம். ஒரு வெள்ளிக்கிழமை திருவான்மியூரில் ஒரு பெண் ஆமையை அளந்து எழுதினேன். ஓட்டின் வளைவு நீளம் 68 சென்டிமீட்டர். இடது முன்துடுப்பின் நுனியில் பழைய வெட்டு. புதைப்பதற்குள் கடல் ஏறி அதை எடுத்துச் சென்றுவிட்டது. ஞாயிறன்று ஒன்றரைக் கிலோமீட்டர் வடக்கே வேறொரு தோழர் ஓர் ஆமையைக் கண்டு புதுக் கணக்காக எழுதினார். மாத இறுதியில் தாள்களைச் சேர்த்துப் படித்தபோது, 68 சென்டிமீட்டரும் இடது துடுப்பு வெட்டும் இரண்டாம் முறை வந்தன. ஒரே ஆமை, இரண்டு சாவு. அதற்குமுன் எத்தனை முறை இப்படி நடந்திருக்கும் என்று நினைத்து, அந்த மாதக் கணக்கு முழுவதையும் தனியே ஒதுக்கி வைத்துவிட்டேன். அதன் பிறகு எண்ணெய்ச் சாயம் இல்லாமல் நான் கரைக்குப் போவதில்லை. நீங்கள் பார்த்த சிவப்புக் கோடு அதுதான்.

தையற்காரர் நாடா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்பெண் அடையாளத்துக்கு வாலைப் பாருங்கள்: வளர்ந்த ஆணின் வால் ஓட்டுக்கு வெளியே நீண்டிருக்கும், பெண்ணுடையது குட்டை.

கட்டுமரத்தான் பேரன் | டிசம்பர் 8, மாலை 4.30

இந்த இழையை என் தங்கை காட்டினாள். நான் பெசன்ட் நகரை அடுத்த குப்பத்தில் பிறந்தவன். அப்பா இன்றும் கண்ணாடியிழைப் படகில் தொழிலுக்குப் போகிறார். தன்னார்வலர்களோடு ஆறு பருவங்கள் நடந்திருக்கிறேன். இருந்தாலும் மனத்தில் கிடக்கும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

நள்ளிரவில் முப்பது பேர் கூட்டமாக எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறீர்கள். கரையில் வலை பின்னிக்கொண்டோ, வெக்கை தாங்காமல் படகடியில் படுத்தோ இருப்பவர்களை, முட்டை திருட வந்தவர்கள்போலப் பார்க்கும் பார்வையை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உண்மைதான், எங்கள் தாத்தா காலத்தில் ஆமை முட்டையைத் தோண்டித் தின்றார்கள், விற்றார்கள். ஊருக்குள் "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்பார்கள். எங்கள் பாட்டி அதைக் காதில் வாங்கியதே இல்லை, வலையில் ஆமை வந்தால் மஞ்சளும் குங்குமமும் இட்டுக் கடலில் விடச் சொல்வார். பங்குனியில் கரையேறுவதால் பங்குனி ஆமை என்று பெயர் வைத்ததும் நாங்கள்தான். ஏழுவரி ஆமை, அழுங்காமை, பேராமை என்று பிரித்துச் சொல்லவும் புத்தகம் தேவைப்பட்டதில்லை.

எங்கள் செவுள் வலையிலும் ஆமை படும்; மறைக்கவில்லை. வலையைக் கையால் இழுக்கிறவர்களுக்குக் கனம் தெரிந்துவிடும், பெரும்பாலும் வலையை அறுத்து ஆமையை உயிரோடு விட்டுவிடலாம். வலை போனது போனதுதான், அந்த நட்டத்தை யாரும் எண்ணுவதில்லை. இழுவைமடி அப்படியன்று. மணிக்கணக்கில் அடியில் அரித்துக்கொண்டே போகும். மூச்சுவிட மேலே வர வேண்டிய உயிர் அதற்குள் மூழ்கிச் சாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. ஆமை வருவதோ ஜனவரி முதல் மார்ச் வரை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க உயிரியல் வேண்டாம்.

இன்னொன்று. செத்த ஆமை கிடக்கும் இடத்தை வைத்து "இந்த ஊர்க்காரர் வலையில் செத்தது" என்று எழுதாதீர்கள். கடல் நீரோட்டத்தை நாங்கள் வெள்ளம் என்போம்; வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி வெள்ளம். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. செத்து, உப்பி, மிதந்து வரும் ஆமையை வாடைக்காற்று ஒரு பக்கமும் வெள்ளம் இன்னொரு பக்கமும் தள்ளும். ஜனவரியில் இரண்டு வெள்ளமும் மாறி மாறி ஓடும். கணக்கப்பிள்ளை ஐயா சொன்ன தாளில் "காற்று" என்று ஒரு கட்டம் இருக்கிறது. "வெள்ளம்" என்று ஒரு கட்டம் இருக்கிறதா? இருந்தால் அதை நிரப்ப, காலையில் கரை திரும்பும் எந்தப் படகுக்காரரிடமும் கேட்கலாம். ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்.

கணக்கப்பிள்ளை | டிசம்பர் 8, இரவு 9.15

இல்லை தம்பி. கட்டம் இல்லை. இந்தப் பருவத் தாளில் சேர்த்துவிடுகிறேன். இத்தனை ஆண்டுகள் அதை விட்டதற்கு வெட்கப்படுகிறேன். காற்றைக் கருவியில் பார்த்து எழுதும் வசதி இருந்ததால் எழுதினோம், வெள்ளத்தை மனிதரிடம் கேட்க வேண்டியிருந்ததால் எழுதவில்லை என்பதே உண்மையாக இருக்கும்.

ஓய்வூதியன் | டிசம்பர் 9, காலை 7.20

"வழக்கமாக என்ற ஒரு சொல்லுக்காக" என்பதை ஏற்றுக்கொள்கிறேன். நான் பொதுப்பணித் துறையில் இருந்தவன். ஏரியில் நீர் அளக்கும் கட்டையை மழையில்லாத நாளிலும் போய்ப் பார்த்து எழுதுவோம். எழுதாத நாளுக்கு மேலாளரிடம் திட்டு வாங்கியதுண்டு. இது அதே வேலை என்று முன்பே சொல்லியிருந்தால் வம்பே செய்திருக்க மாட்டேன். ஆனாலும் முட்டையை இடம் மாற்றுவது குறித்து எனக்கு ஐயம் உண்டு. இயற்கை இட்ட இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டுமே?

பின்னிரவுக்காரி | டிசம்பர் 9, பிற்பகல் 1.10

ஐயா, உங்கள் ஐயம் எங்களுக்குள்ளேயே ஆண்டுதோறும் எழும் சண்டை. ஒடிசாவின் ருசிகுல்யா, கஹிர்மாதா கரைகளில் ஆயிரக்கணக்கில் ஒரே இரவில் கரையேறும்போது யாரும் முட்டையை எடுப்பதில்லை, எடுக்கவும் முடியாது. சென்னையில் ஒரு இரவில் ஒன்றிரண்டுதான் வரும். அந்த ஒரு குழியை நாய் கண்டுபிடித்தால் மீதி ஒன்றும் இல்லை. தப்பிப் பொரித்தாலும், குஞ்சு வெளிச்சமான திசையை நோக்கி ஓடும் இயல்புடையது. இருண்ட கரையில் அந்தத் திசை கடல், நம் கரையில் அது சாலை விளக்கு. ஆகவே பொரிப்பகம் இங்கே முதல்தரமான தீர்வு இல்லை, வேறு வழியில்லாத தீர்வு. அதற்கும் விலை உண்டு: குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29, 30 டிகிரியை ஒட்டி, அதற்குக் கீழே ஆண், மேலே பெண். பொரிப்பகத்தை வெயிலில் போட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்து மகிழ்ந்தால், எல்லாம் பெண்ணாகவே பொரித்து வெளியேறும். மணலுக்குள் வெப்பமானி வைத்துப் படிப்பதும் தன்னார்வலர் வேலைதான். அதற்கு இரவில் கண்விழிக்கவும் வேண்டாம். முழங்கால் வலிக்கிறவர்களுக்கு ஏற்ற பணி என்று திருவான்மியூர் அண்ணாவுக்குச் சொல்லி வைக்கிறேன்.

மகளை அழைத்து வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். முழு நடைக்கு வேண்டாம். மார்ச் முதல் குஞ்சுகளை விடும் மாலைகளுக்கு அழைத்து வாருங்கள். ஆனால் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: குஞ்சைக் கையில் எடுக்கக் கூடாது, கொண்டுபோய் அலையில் விடவும் கூடாது. அது தானே மணலில் தவழ்ந்து கடலுக்குப் போக வேண்டும். கைப்பேசி வெளிச்சம் ஒன்று பக்கவாட்டில் அடித்தால்கூட, நாற்பது குஞ்சுகளும் ஒருசேரத் திரும்பி அந்தக் கைப்பேசியை நோக்கி வருவதை நான் பார்த்திருக்கிறேன். கைப்பேசியை எடுத்தவர் அது தன் மேலுள்ள அன்பு என்று நினைத்துச் சிரித்தார்.

பெண்களுக்கு இரண்டு சொற்கள். தனியாகவோ இருவராகவோ நடக்காதீர்கள், எவ்வளவு பழகிய கரையானாலும். ஏழு கிலோமீட்டரில் இரவு திறந்திருக்கும் கழிப்பறை இல்லை; புறப்படும் முன் அதற்கான ஏற்பாட்டைக் குழுவில் கூச்சமின்றிக் கேளுங்கள். நான் முதல் பருவத்தில் கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் நடந்து மயங்கி விழுந்தேன்.

நீர்கொழும்பான் | டிசம்பர் 10, இரவு 11.30

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்து, பின்னர் மூழ்கியபோது, 1,600 தொன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் குருணை கடலில் கொட்டி, எங்கள் கரையில் முழங்கால் அளவுக்குக் குவிந்தது. அதைத் தொடர்ந்து ஆமைகளும் இறந்து ஒதுங்கின. அள்ளுவதற்கு ஆட்கள் திரண்டு வந்தார்கள். ஆனால் கப்பல் வருவதற்கு முன் இந்தக் கரையில் எவ்வளவு குருணை கிடந்தது, மாதத்துக்கு எத்தனை ஆமை இறந்து ஒதுங்கியது என்று கேட்டபோது, எங்கள் ஊரில் கையில் தாளோடு நிற்க ஒருவரும் இருக்கவில்லை. கணக்கப்பிள்ளை ஐயா சொல்லும் பூஜ்யம் எங்களிடம் இல்லாமற்போனது.

அதன் பிறகு நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் ஒரு மீற்றர் சதுரச் சட்டம் வைத்து, மேல்மணலைச் சல்லடையில் இட்டு, குருணையை எண்ணி வருகிறோம். ஒரு சதுரத்துக்கு முக்கால் மணித்தியாலம் செல்லும். சவ்வரிசி பொறுக்குவதுபோலச் சலிப்பான வேலை. 2025 மே மாதம் கொச்சிக்கு அருகே எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கிய பின் கன்னியாகுமரிப் பக்கமும் குருணை ஒதுங்கியதை அறிவீர்கள். சென்னையிலும் ஆமைத் தாளோடு இந்தச் சதுரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வந்த பிறகு எண்ணத் தொடங்குவது பிந்திப் போன காரியம்.

ஈரமணல் | டிசம்பர் 11, காலை 6.15

மிக நல்ல யோசனை. வேறு சிலவும் சேரலாம். மிச்சாங் புயலுக்குப் பின் 2023 டிசம்பரில் பெசன்ட் நகரில் நீலக் கடல்நாகம் எனப்படும் விரலளவு நத்தையினம் ஒதுங்கியது. அழகாக இருக்கிறதே என்று கையில் எடுத்தால் கொட்டும். 2019 ஆகஸ்டில் ஒரு இரவு அலை முழுவதும் நீலமாக ஒளிர்ந்தது பலருக்கு நினைவிருக்கும். சொறி எனப்படும் ஜெல்லிமீன் எப்போது ஒதுங்குகிறது, அடையாறு முகத்துவாரம் மண்மூடிக் கிடக்கிறதா திறந்திருக்கிறதா, உள்ளான் பறவைகள் எந்த வாரம் வந்தன என்பதெல்லாம் ஒரு வரியில் எழுதக்கூடியவை. ஆயினும் கட்டங்கள் முப்பதானால் தூக்கக் கலக்கத்தில் எவரும் நிரப்ப மாட்டார்கள். எட்டுக் கட்டத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி.

கணக்கப்பிள்ளை | டிசம்பர் 11, இரவு 9.02

ஒன்பது. வெள்ளத்தை நான் விட மாட்டேன்.

திருவான்மியூர்வாசி | ஜனவரி 19, காலை 5.25

அனைவருக்கும் நன்றி சொல்லவே மீண்டும் வந்தேன். இப்போதுதான் வீடு திரும்பினேன், கால்சட்டையிலிருந்து மணல் உதிர்ந்துகொண்டிருக்கிறது.

அனுமதி பெற்ற ஒரு குழுவில் சேர்ந்து மூன்று இரவுகள் நடந்துவிட்டேன். முதல் இரவு பாதியில் திரும்பினேன், ஈரமணல் அவர்கள் சொன்னபடியே. இரண்டாம் இரவு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று எழுதினேன். நாய்கள் பதினாறு, எரிந்த உயரக்கம்ப விளக்குகள் நான்கு. கொட்டிவாக்கத்தில் ஒரு பெரியவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வெள்ளம் எப்படி என்று கேட்டேன். என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "வன்னி. நேத்து ராத்திரியிலேர்ந்து" என்றார். நான் அதை எழுதிக்கொள்வதைப் பார்த்ததும் நின்று, தெண்டி திரும்ப இன்னும் எத்தனை நாளாகும் என்பதையும், அதை எதை வைத்துச் சொல்கிறார் என்பதையும் பத்து நிமிடம் விளக்கினார். பாதி புரியவில்லை, அடுத்த முறை கட்டுமரத்தான் பேரனை உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.

நேற்றிரவு திருவான்மியூருக்குச் சற்றுத் தெற்கே ஒரு தடம் கண்டோம். ஏறி, வளைந்து, ஒரு நண்டு வளையைச் சுற்றிக்கொண்டு, மேட்டைத் தொடாமலே இறங்கியிருந்தது. மூத்தவர் கோலைச் செருகவேயில்லை. பார்த்ததும் "பொய்த்தடம்" என்றார். ஏதோ பிடிக்காமல் திரும்பிப் போய்விட்டதாம். எனக்கென்னவோ, முட்டையைக் கண்டிருந்தால்கூட அவ்வளவு நேரம் அந்த இடத்தில் நின்றிருப்பேனா என்று தெரியவில்லை. அரைமணி நேரம் முன்பு அது அங்கே இருந்திருக்கிறது.

இப்போது ஒரு கேள்வி. தடத்தின் கீழ்ப்பாதியை அலை அழித்துவிட்டது. அகலத்தை ஓரிடத்தில் மட்டுமே அளக்க முடிந்தது, 72 சென்டிமீட்டர். பொய்த்தடத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? முட்டைக் கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினால், ஆமையே வரவில்லை என்று படிக்கிறவர் நினைக்க மாட்டாரா?

கணக்கப்பிள்ளை | ஜனவரி 19, காலை 6.50

நினைப்பார். முட்டை என்ற கட்டத்தில் பூஜ்யம். தடம் என்ற கட்டத்தில் ஒன்று, பக்கத்தில் "பொய்" என்று எழுதுங்கள். அளவு ஓரிடத்தில்தான் எடுத்தது என்பதையும் குறிப்பிடுங்கள். அருகில் எந்த விளக்கு எரிந்தது, எத்தனை அடி தூரத்தில் என்று நினைவிருந்தால் இன்றே எழுதிவிடுங்கள். தூங்கி எழுந்தால் மறந்துபோகும்.